அனுமதியில்லாத மலையேற்றமும் கள்ளத்தனமான மது விருந்தும்: முன்பணம் கட்டுமுன் படிக்கவும்

கோவையிலிருந்து வார இறுதிகளில் நீலகிரிக்கு மலையேற்றம் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்யும் ஒரு வாட்ஸ்அப் குழுவிடம் நானும் என் நண்பர்களும் பணம் கட்டி ஏமாற்றப்பட்டோம். அதே குழு அடுத்த பயணத்துக்கு இப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கட்டணம் தலைக்கு 4,800 ரூபாய். கோவையிலிருந்து வேன், வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா சிகரம் வரை நடை, மாலையில் எமரால்டு என்ற ஊருக்கு அருகே ஒரு காட்டேஜில் மதுவுடன் விருந்து, இரவே திரும்புதல் என அனைத்தும் அதில் அடக்கம் என்றார்கள். பணம் ஒரு தனிநபரின் கணக்குக்கு ஜிபே மூலம் போனது. ரசீது கேட்டதற்கு, குழுவில் போடும் பெயர்ப் பட்டியலே போதும் என்று பதில் வந்தது.

வழிகாட்டி வரவேயில்லை. பொழுது விடியுமுன் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வழியாக எங்களைச் சோலைக்குள் கூட்டிச் சென்றார்கள். அங்கே மழையும் பனிமூட்டமும் எந்த நேரத்தில் வழியை மறைக்கும் என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அவலாஞ்சி. சிறிது தூரத்திலேயே வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எங்களை மறித்து அனுமதிச் சீட்டைக் கேட்டார்கள். குழுவை நடத்துபவர் கைபேசியில் ஒரு சீட்டைக் காட்டினார். நானும் அருகில் நின்று அதைப் பார்த்தேன்: பாதையின் பெயர் கேர்ன்ஹில், தேதி எப்போதோ கடந்துபோனது, அதிலிருந்த பெயர்களில் எங்களுடையது ஒன்றுகூட இல்லை. ஊட்டி நகரை ஒட்டியிருக்கும் கேர்ன்ஹில்லுக்கு யாரோ வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டுதான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அபராதம் எங்கள் பெயரில், எங்கள் முகவரியோடு எழுதப்பட்டது. அதைத் தான் தருவதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காவலர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, யார் எந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள் என்ற கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், நாங்கள் உள்ளே இருப்பதே எவருக்கும் தெரிந்திருக்காது.

நடை பாதியில் நின்ற பிறகும் விருந்து மட்டும் திட்டப்படி நடந்தது. இந்த வியாபாரத்தின் லாபம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. முதல் சுற்று கட்டணத்தில் அடக்கம், அடுத்த சுற்றிலிருந்து கடை விலையைப்போல் இருமடங்கு என்று அங்கே போய் உட்கார்ந்த பிறகு அறிவித்தார்கள். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் கால்களைக் கிழிப்பதால் உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த நல்ல ஏற்பாடு அது. மேசையில் இருந்த பாட்டில்களில் அதற்குரிய ஸ்டிக்கர் இல்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, நகத்தால் சுரண்டியும் போகாமல் ‘புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு’ என்ற வரி தெரிந்தது. உரிமமில்லாத இடத்தில், வெளியிலிருந்து கடத்தி வந்த மதுவை விற்றிருக்கிறார்கள். சோதனை வந்திருந்தால் எங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது, எங்களை இரவில் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறக்க வேண்டிய வேன் ஓட்டுநரையும் அவர்கள் எங்களோடு உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்ததுதான். “அண்ணா, நீங்க வண்டி ஓட்டணுமே” என்று தோழி கேட்டதற்கு, “இந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்மா” என்றார். நாங்கள் அந்த வேனில் ஏற மறுத்து, ஊட்டிக்குப் போய்த் தங்கி, காலையில் அரசுப் பேருந்தில் இறங்கினோம். அந்தச் செலவும் எங்களுடையதே. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள்.

முறையாகப் போக வழியில்லாமலும் இல்லை. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். அந்தந்த மலையில் வாழும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். தனியார் குழுவோடுதான் போவீர்கள் என்றால், உங்கள் பெயரும் பாதையும் தேதியும் உள்ள அனுமதிச் சீட்டைப் பணம் கட்டுமுன் கேட்டு வாங்குங்கள். மதுவையும் நடையையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்பவரிடம் போகவே வேண்டாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே குழுவுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் ஜிபே பதிவையும் விளம்பரப் படத்தையும் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள்.