பள்ளி நூலகத்துக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்: எங்கள் மூன்றரை லட்சம் போய்விட்டது

மூன்றரை லட்சம். ஒரு பள்ளி நூலகத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று நூலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாதி முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்தது, மீதி பெற்றோர்கள் கொடுத்தது. அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு, கழித்துக் கட்ட வேண்டிய பத்துக் கணினிகளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதி மூடப்படுகிறது" என்று நேற்று இரவு ஒரு மெயில் வந்தது. என்ன தீர்ந்தது? ஒன்றுமே தீரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாகக் கணினி விற்கும் இணையச் சந்தைகளில் ஒன்று. அதில் கடை வைத்திருக்கும் ஒரு விற்பனையாளர். ரீஃபர்பிஷ்டு கணினி, பார்கோடு ஸ்கேனர், நூலக மென்பொருள், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். "பள்ளி நூலகத்துக்கு முழுமையான தீர்வு" என்று விளம்பரம்.

பழைய கணினியைப் புதுப்பித்து விற்பதில் தவறே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் பெரிய சக்தி வாய்ந்த இயந்திரம் தேவைப்படாது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் ஒன்று, பிள்ளைகள் புத்தகம் தேடிப் பார்க்க இரண்டு, மற்றவை படிக்கவும் பாடவேலை செய்யவும். நேர்மையாகப் புதுப்பித்த இயந்திரம் இதற்குத் தாராளமாகப் போதும். அதனால்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

டெமோ காட்ட ஒருவர் வந்தார். மரியாதையான ஆள், பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்தவர் போலப் பேசினார். கையோடு ஒரு கணினி கொண்டுவந்திருந்தார். பட்டனை அழுத்தியதும் கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர் (கணினியின் மூளை, தலைமுறை எண் கூடக் கூடப் புதியது), 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) என்று அவரே திறந்து காட்டினார். மேசையில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து, பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணின் கோட்டின்மேல் ஸ்கேனரை வைத்தார். பீப் என்று ஒரு சத்தம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எல்லாம் தானாக வந்து நிரம்பின. அங்கே நின்றிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது அந்த ஆள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மேடம், ஸ்கூல் லைப்ரரின்னா நாங்க லாபம் பாக்க மாட்டோம். என் பசங்களும் இந்த மாதிரி ஸ்கூல்லதான் படிக்கிறாங்க. இதே மிஷின்தான் பத்தும் வரும், நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் மூன்றரை லட்சமும் முன்பணமாகப் போனது.

பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு ஃபோன்: "மேடம், நீங்களா பிரிச்சிடாதீங்க. எங்க டெக்னீசியன் வந்து இன்ஸ்டால் பண்ணாதான் வாரண்டி." சரி என்று காத்திருந்தோம். இன்று வருவார், நாளை வருவார் என்றார்கள். அந்தச் சந்தையில் பொருளைத் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். அது முடிந்த பிறகுதான் டெக்னீசியன் வந்தார். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பிரிக்காதீர்கள் என்று சொன்னதே அந்த ஏழு நாளை ஓட்டுவதற்காகத்தான்.

போட்ட அன்றே தெரிந்துவிட்டது. பட்டனை அழுத்திவிட்டு ஒரு வகுப்பின் வருகைப் பதிவை எடுத்து முடித்துவிடலாம், அதற்குப் பிறகுதான் திரை வருகிறது. எங்கள் கணினி ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் சிஸ்டம் விவரத்தைத் திறந்தார். ஐ5-3470. மூன்றாம் தலைமுறை, 2012இல் சந்தைக்கு வந்த பிராசசர். டெமோவில் வந்ததற்கும் இதற்கும் ஐந்து தலைமுறை இடைவெளி. பெட்டியின் முன்னால் மட்டும் பளபளவென்று ஐ5 என்று ஒரு புது ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால், அடியில் நிறம் மங்கிய பழைய ஸ்டிக்கரின் பசை.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. கிடையாது, சுழலும் பழைய டிஸ்க். டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு அதற்குள்ளேயே பதிவாகும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அது தெரியும். கணினி ஆசிரியர் போட்டுப் பார்த்தார். ஒன்றில் 31,000 மணி நேரத்துக்கு மேல். ஒரு நொடியும் அணைக்காமல் ஓட்டினால் மூன்றரை ஆண்டு ஆகும் கணக்கு அது. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. அந்த டிஸ்க்கை நம்பி நூலகக் கணக்கை வைக்க வேண்டுமாம்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது, அதனால் 11 வேண்டும் என்று எழுதியே கேட்டிருந்தோம். "11தான் மேடம் போட்டுத் தர்றோம்" என்றார்கள், போட்டும் தந்தார்கள். ஆனால் விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. இந்த இயந்திரங்களில் அந்தச் சோதனையை ஏமாற்றித் திருட்டுத்தனமாக ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்து பாஸ்வேர்டு தட்டும் கணினியில் இந்த வேலை.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள்.

பிராசசரைப் பற்றிக் கேட்டோம். "பில்லுல கோர் ஐ5ன்னுதானே இருக்கு மேடம், ஐ5தானே வந்திருக்கு?" எடுத்துப் பார்த்தால், ஆமாம், பில்லில் தலைமுறையே இல்லை. டெமோவில் வாயால் சொன்ன எட்டாம் தலைமுறை காகிதத்தில் ஏறவே இல்லை. எஸ்.எஸ்.டி.யைப் பற்றிக் கேட்டோம். "நீங்க 256 ஜிபி ஸ்டோரேஜ் கேட்டீங்க, நாங்க 500 குடுத்திருக்கோம். ரெண்டு மடங்கு குடுத்ததுக்கா கோவப்படுறீங்க?" அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. மெதுவாக இருக்கிறது என்றதற்கு, பிள்ளைகள் வைரஸ் ஏற்றிவிட்டார்கள் என்று பழி. கணினி ஆசிரியர் மூடியைத் திறந்து பார்த்தார் என்று தெரிந்ததும், "ஓப்பன் பண்ணிட்டீங்களா, அப்ப வாரண்டி போச்சே" என்றார்கள்.

சந்தையிடம் புகார் கொடுத்தால் "விற்பனையாளரிடம் பேசுங்கள்" என்கிறது. விற்பனையாளர் "பணம் சந்தைக்குத்தானே கட்டினீங்க, அங்க கேளுங்க" என்கிறார். டிக்கெட் எண் ஒன்று வரும், அது மூடப்படும், இன்னொரு எண் வரும். நான் பொறுப்பு என்று சொன்னவருக்கு ஃபோன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. மூன்றரை லட்சம் வாங்கும்வரை ராத்திரி பத்து மணிக்கும் பதில் சொன்ன ஆள்.

கணினியோடு போயிருந்தால்கூட எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பேன். மென்பொருள் விஷயம்தான் வயிற்றெரிச்சல்.

டெமோவில் ஒரு பீப்பில் எல்லாம் நிரம்பியது அல்லவா? அது வேறு நூலகங்கள் பொதுவில் திறந்து வைத்திருக்கும் பட்டியலிலிருந்து வந்த விவரம். அங்கே இருக்கும் புத்தகத்துக்குத்தான் வரும். எங்கள் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு எதுவுமே வரவில்லை. மிகப் பழைய புத்தகங்களில் ஐ.எஸ்.பி.என்.னே கிடையாது. ஆகவே ஒவ்வொன்றாகக் கையால் தட்டினோம். மேல் வகுப்புப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் வந்து உட்கார்ந்து தட்டினார்கள். கடைசிப் பரீட்சை முடிந்தும் சில பெண்கள் வந்தார்கள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் "மிஸ், இது திரும்பத் தேடுனா கிடைக்காது" என்று அழித்துத் திருத்தினார்கள்.

அந்தப் பட்டியல் முழுக்க அவர்கள் சர்வரில் இருக்கிறது. இப்போது புதுப்பிப்புக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டாவிட்டால் உள்ளே நுழைய முடியாதாம். சரி, எங்கள் பட்டியலையாவது கொடுங்கள் என்றேன். நூலக மென்பொருள்கள் எல்லாம் புரிந்துகொள்ளும் மார்க் என்ற வடிவம் 1960களிலிருந்தே இருக்கிறது. அதில் வாங்கினால் வேறு எந்த நல்ல மென்பொருளிலும் ஏற்றிக்கொள்ளலாம். "அந்த வசதி இல்லை" என்றார்கள். எக்செல்லாவது கொடுங்கள் என்றேன். பி.டி.எஃப். அனுப்பினார்கள். பக்கம் பக்கமாக, பாதித் தலைப்பு வெட்டுப்பட்ட பி.டி.எஃப்.

இன்னொன்று. பார்கோடு லேபிளில் எங்கள் அக்சஷன் எண்ணையே, அதாவது எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ள எண்ணையே, அச்சிட்டுக்கொள்கிறோம் என்று ஆரம்பத்தில் கேட்டேன். கூடாது, தங்கள் லேபிள்தான் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். காரணம் இப்போது புரிகிறது. அவர்கள் லேபிளில் உள்ள எண்ணுக்கும் எங்கள் பதிவேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த எண் எந்தப் புத்தகம் என்பது அவர்கள் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். வெளியேறினால் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து லேபிளைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் எடுத்தாள், என்ன வகுப்பு என்ற விவரமும் அங்கேதான் கிடக்கிறது. அதை அழியுங்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

கோஹா என்று ஒரு நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடங்கி ஓடுகிறது. உரிமக் கட்டணம் கிடையாது, மூலநிரல் திறந்தே இருக்கிறது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அதைப் பற்றி டெமோவிலேயே கேட்டேன். "அதெல்லாம் ஃப்ரீ மேடம், ஃப்ரீன்னா சப்போர்ட் இருக்காது" என்றார். இவர்கள் மூன்றரை லட்சத்துக்குக் கொடுத்த சப்போர்ட்டைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன். இப்போது மனசு அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முழு மாடல் எண்ணும் பில்லில் வர வேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற எழுத்தும் வர வேண்டும், "ஸ்டோரேஜ்" என்று எழுதினால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பெட்டி வந்த அன்றே, யார் என்ன சொன்னாலும், வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்து ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பெட்டிகளையும் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

மென்பொருள் என்றால், தட்டச்சு தொடங்கும் முன்பே பத்துப் புத்தகம் போட்டுவிட்டு மார்க் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் வேண்டாம். பார்கோடில் உங்கள் அக்சஷன் எண்தான் இருக்க வேண்டும். ஸ்கேனர் தங்கள் மென்பொருளில் மட்டும்தான் வேலை செய்யும் என்பார்கள், எங்களிடமும் சொன்னார்கள். நோட்பேடைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். சாதாரண ஸ்கேனர் என்றால் கீபோர்டில் தட்டியது போல எண் வந்து விழும். எங்களுடையதிலும் விழுந்தது.

அந்தச் சந்தையில் "பள்ளி நூலகத்துக்கு முழுமையான தீர்வு" விளம்பரம் இன்று காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் புகாரை மூடிய மெயிலுக்கு மறுபடி பதில் அனுப்பியிருக்கிறேன், எழுத்துப்பூர்வப் புகாருக்கான காகிதங்களையும் தலைமையாசிரியர் எடுத்து வைத்துவிட்டார். உங்கள் பள்ளியில் யாராவது இதே பேக்கேஜுக்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால், பணம் கட்டும் முன் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.