பழைய தோட்டத்து வாய்க்காலோரம் ஒரு நடை: போகலாமா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய வாய்க்காலைச் சம்பளமின்றித் தூர்வாரி மீட்டுவரும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாரையும் அதன் கரைவழியே அழைத்துச் செல்கிறார்கள். நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இன்னும் கைக்கு வராததால், தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

மலையகத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஒரு காலத்தில் கொழுந்தை உருட்டும் ரோலர்களைச் சுழற்றியது ஓடைத் தண்ணீர்தான். ஓடையைச் சிறு அணையால் மறித்து, சரிவைச் சுற்றி மிகக் குறைந்த வாட்டத்தில் வாய்க்கால் வெட்டி, தொழிற்சாலைக்கு மேலேயுள்ள தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து இரும்புக் குழாயில் இறக்கினால் அந்த வேகத்தில் டர்பைன் சுற்றும். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கி, மின்கம்பிகள் தோட்டங்களை எட்டிய பின் இத்தகைய வாய்க்கால்கள் பல தூர்ந்துபோயின. இங்கிருந்து வழியும் தண்ணீரும் கெஹெல்கமு ஓயாவில் கலந்து, காசல்ரீ, நோர்ட்டன் நீர்த்தேக்கங்கள் வழியாக அதே லக்சபானவுக்குத்தான் போகிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

கல்வேலையைக் காட்டும்போது மட்டும் அவர்களை விஞ்ச ஆளில்லை. கீழ்க்கரைச் சுவர் சீமெந்து இல்லாமல் அடுக்கப்பட்டது. சரிந்த இடங்களையும் அதே முறையில்தான் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் மேல்வரிசைக் கல்லொன்றைப் பெயர்த்துக் காட்டினார்: கல்லின் நீண்ட பக்கம் மலைக்குள் போக வேண்டும், பின்னால் அடிக்கும் ஆப்புக்கல்தான் சுவரைப் பிடித்து நிற்கும், முன்னால் தெரியும் இடுக்கில் சல்லி திணிப்பது வெறும் அழகுக்கு. தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டியே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் கற்றதாம். நண்டுப் பொந்துகளில் களிமண்ணை மிதித்து அடைக்கும் வேலையை நம்மையும் செய்யவிடுகிறார்கள். அரைமணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகிறது.

கடைசிப் பகுதியை அவசரமாக முடிக்கிறார்கள். டர்பைன் இருந்த கூரையற்ற அறையைத் தூரத்திலிருந்தே காட்டிவிட்டு ரொட்டிக்கும் கட்டச்சம்பலுக்கும் அழைத்துவிடுகிறார்கள் (சம்பல் அருமை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்). குழாய் தொடங்கும் தொட்டியைச் சுற்றி வேலி இல்லை. பிள்ளைகளோடு போவோர் அதற்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது. கட்டணம் என்று ஒன்றில்லை, மண்வெட்டியும் கூடையும் வாங்க உண்டியல் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு போடுவதென்று தெரியாமல் எல்லோரும் தயங்குகிறார்கள், ஆகவே ஒரு தொகையை அறிவித்துவிடலாம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கரை வழுக்கும், அட்டையும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே பொருத்தம். அப்போதும் சவர்க்காரம் தேய்த்த நீளக் காலுறையோடு போங்கள்.