சொந்தக் காணியில் விளம்பரப் பலகை: சபை எதுவரை தலையிடலாம்?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில் விடுதிப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. உப்புவெளி, 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருடைய பிரதேச சபையின் எல்லைக்குள் வருகிறது. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குரியது. ஒரே வீதியில் சபை மாறினால் விதியும் மாறலாம். "என் காணி, என் பலகை, சபைக்கு என்ன வேலை?" என்கிறார் கடைக்காரர். "அனுமதி இல்லையென்றால் கழற்றுவோம்" என்கிறது சபை. இந்தச் சண்டையை வேறு ஊர்கள் எப்படித் தீர்த்தன?

பிரேசிலின் சாவோ பாவுலோ ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. 2006இல் சட்டம் இயற்றி, 2007 முதல் வெளிப்புற விளம்பரங்களைத் தடை செய்தது. கடையின் சொந்தப் பெயர்ப்பலகைக்கு மட்டும் இடமுண்டு, அதுவும் முகப்பின் நீளத்தைப் பொறுத்த அளவில். பார்க்க அழகுதான். ஆனால் விளம்பர இடத்தை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்கு ஈடு என்ன என்ற கேள்வியை அழகு தீர்த்துவிடாது.

அமெரிக்கா நேர் எதிர்ப் பக்கம். அங்கே நகரசபையின் கையைக் கட்டுவது பேச்சுச் சுதந்திரம். அளவு, உயரம், இடம், வெளிச்சம், கட்டமைப்பின் உறுதி ஆகியவற்றை நகரசபை தாராளமாக நிர்ணயிக்கலாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து விதியை மாற்றத் தொடங்கினால்தான் சிக்கல். அரிசோனாவின் கில்பர்ட் ஊரில் கருத்துப் பலகைக்கு 20 சதுர அடி, அரசியல் பலகைக்கு 32 சதுர அடி வரை. ஒரு சிறிய தேவாலயம் ஆராதனைக்கு வழிகாட்ட வைத்த பலகைக்கோ 6 சதுர அடியும் சில மணி நேரமும்தான். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அதற்கு முன், 1994இல், மிசூரி மாநிலத்தின் லடூ நகரம் வளைகுடாப் போருக்கு எதிராக வீட்டு ஜன்னலில் ஒட்டிய ஒரு தாளைத் தடுக்கப் பார்த்து, ஏகமனதான தீர்ப்பில் தோற்றது. எனினும் கடைக்காரர் தன் கடையைப் பற்றி வைக்கும் பலகையையும், வேறெங்கோ விற்கும் பொருளுக்கான பலகையையும் வேறுபடுத்தலாம் என்று 2022இல் ஆஸ்டின் நகரத்தின் வழக்கில் நீதிமன்றம் ஏற்றது.

இந்தப் பாதையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. பாடசாலைகளைச் சுற்றி 1,000 அடிக்குள் வெளிப்புறப் புகையிலை விளம்பரங்களைத் தடுத்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விதி 2001இல் அதே உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபான விளம்பரங்களை நாடு முழுவதும் தடுத்துவிட்டது. இதில் நாம்தான் சரி.

மற்றவற்றில் அப்படிச் சொல்ல முடியவில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் தொழிலுக்கும் உரிமை தருகிறது. 15ஆம் உறுப்புரை அவற்றைச் சுருக்கவும் இடம் தருகிறது. பொது ஒழுங்கும் சுகாதாரமும் பொது நலனும் அதற்கான காரணங்களாகலாம். ஆனால் கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். தவிசாளரின் வாய்மொழியும் உத்தியோகத்தரின் எரிச்சலும் சட்டமாகாது. சொத்துரிமை நம் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே இல்லை என்பதால், "என் காணி" என்ற வாதம் நீதிமன்றத்தில் நினைப்பதைவிட மெலிந்தது. வலுவான வாதம் சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 12ஆம் உறுப்புரையில் இருக்கிறது: பக்கத்துக் கடைக்கு அனுமதி, எனக்கு மறுப்பு, காரணம் எங்கே?

அளவுகோல் எழுதப்படாத அனுமதிமுறையே இவற்றுள் மோசமானது. முழுத் தடைகூட எல்லோருக்கும் ஒன்றாக விழும்; கையெழுத்தை நம்பிய அனுமதி ஆளைப் பார்த்து விழும். கடையின் சொந்தப் பெயர்ப்பலகையைக் குறிப்பிட்ட சதுர அடி வரை அனுமதியின்றியே விட்டுவிட்டு, வாடகைக்கு விடும் பெரிய பலகைகளுக்கு மட்டும் அனுமதிப்பத்திரமும் கட்டணமும் வைப்பது திருகோணமலைக்குப் பொருந்தும். பெரும் காற்றும் மழையும் வரும் கரையோர ஊரில் இரும்புச் சட்டத்தின் உறுதியைச் சபை கண்டிப்பாகச் சோதிக்கத்தான் வேண்டும். அதில் சலுகை கேட்பது நியாயமல்ல. அறிவிப்பின் வாசகங்களில் மட்டும் அது கை வைக்காமல் இருக்கட்டும்.

கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தால், அது எந்த உபவிதியின் (சபை தானே இயற்றும் விதியின்) கீழ் வந்தது, வர்த்தமானியில் எப்போது வெளியானது என்று எழுத்தில் கேளுங்கள். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் எதிர்க்க வழியில்லை, உபவிதியை எதிர்க்கலாம். அதற்கு மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரியின் சட்டவிரோத முடிவை நீக்கக் கேட்கும் மனு) உண்டு. பாரபட்சம் என்றால், அடிப்படை உரிமை மீறலாக, 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம். அதற்குரிய காலம் ஒரு மாதம் மட்டுமே.