அரைத்த மக்காச்சோளம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தீவனம் வாங்கப் போங்கள். நான் ஏமாந்த கதை.

வழக்கமாக மக்காச்சோளத்தை முழுசாக வாங்கி நானே உடைத்துப் போடுவேன். இந்த முறை அரவை இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. "நாங்களே அரைத்துத் தருகிறோம், உங்களுக்கு எதற்கு அந்த வேலை?" என்றார் வியாபாரி. விலையும் முழுத் தானியத்தைவிடக் குறைவு. அரவைக் கூலியும் சேர்ந்து விலை எப்படிக் குறையும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சோம்பல், கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு மாடுகள் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. அசை போடுவது நின்றுவிட்டது. சாணி சாம்பல் நிறத்தில், நுரையோடு, தண்ணீராகப் போனது. மருத்துவர் வந்ததும் மாட்டைப் பார்த்த கையோடு தீவனத்தைக் கேட்டார். ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். மக்காச்சோள மாவென்றால் உதிரும். இது ரப்பர் போல இழுபட்டது. "இதில் கோதுமை எவ்வளவு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்!

கோதுமை விஷமல்ல. புரதத்தில் மக்காச்சோளத்துக்கு 8, 9 சதவீதம் என்றால் கோதுமைக்கு 12க்கு மேல்கூட இருக்கும். சிக்கல் அதன் மாவுச்சத்தில். முதல் வயிற்றில் அது மிக வேகமாகப் புளிக்கும். நைசாக அரைத்திருந்தால் இன்னும் வேகம். அமிலம் ஏறி, வயிற்றின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் மாட்டின் உடம்பு கெடும். பிறகு குளம்பு வீக்கம், ஈரலில் சீழ்க்கட்டி என்று பின்னாலேயே வரும். கோதுமை கொடுப்பதென்றால் கொரகொரப்பாக உடைத்து, நார்த்தீவனத்தோடு, இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க வேண்டும். பார்லியும் ஏறக்குறைய அப்படித்தான். உமி அதிகமுள்ள ஓட்ஸ் சாது. சோளமோ (மக்காச்சோளமல்ல, சிறுமணிச் சோளம்) எதிர்ப்பக்கம்: உடைக்காமல் போட்டால் பாதி சாணியிலேயே வந்துவிடும். தானியம் மாறினால் கொடுக்கும் முறையும் மாற வேண்டும், அதனால்தான் சொல்லாமல் மாற்றுவது மோசடி.

வியாபாரியைக் கேட்டால், "கோதுமையில் புரதம் அதிகம்தானே, நல்லதைத்தானே கலந்தோம்" என்கிறார். ரசீதை எடுத்துப் பார்த்தேன். "தீவன மாவு" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

புரதச் சோதனை அறிக்கை காட்டினாலும் மயங்காதீர்கள். சாதாரணச் சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் உரமான யூரியாவை ஒரு கை கலந்தாலும் எண் ஏறிவிடும். முழுத் தானியமாக வாங்குங்கள். கையை மூட்டையின் அடிவரை விட்டு அள்ளிப் பாருங்கள்: உடைசல், பூசணம், ஈரம் எல்லாம் அடியில்தான் ஒளிந்திருக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் சேமிக்க வேண்டாம். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். ரசீதில் தானியத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

ஒரு மாடு தேறிவிட்டது. இன்னொன்று இன்னும் நொண்டுகிறது. மிச்சமிருக்கும் ஆறு மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முடியாதாம். கலந்ததை ஒப்புக்கொண்ட அதே வியாபாரி, அரைத்த சரக்கில் யார் என்ன கலந்தார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்கிறார்.