டிஆர்எஸ்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் (நடுவர் தீர்ப்பை வீரர்கள் எதிர்த்து, வீடியோ பார்த்து மறுபரிசீலனை அதாவது ரிவ்யூ கேட்கும் முறை) வந்தபிறகு நடுவர் தீர்ப்பு தேறியிருக்கிறதா என்று கேட்டால், நிச்சயம் தேறியிருக்கிறது. மட்டையில் பட்டு பேடுக்குப் போன பந்துக்கு எல்பிடபிள்யூ (ஸ்டம்பில் படவிருந்த பந்தைக் காலால் தடுத்ததற்கான அவுட்) வாங்கிக்கொண்டு தலையை ஆட்டியபடி வெளியேறும் காட்சி சர்வதேச ஆட்டங்களில் அரிதாகிவிட்டது. தவறுகள் மிச்சமிருக்கின்றன, ஆனால் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முன்பு அவை நடுவரின் கண்ணிலும் காதிலும் இருந்தன. இன்று கேமரா எந்தக் கோணத்தில் நிற்கிறது, எந்த மைக்கின் ஒலியை எடுத்தார்கள், கேப்டன் கையில் ரிவ்யூ மிச்சம் இருக்கிறதா, அந்தத் தொடருக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பவற்றில் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் டிஆர்எஸ் நல்லதா கெட்டதா என்று வாதாடுவதில் பயனில்லை.

வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் தொடங்கியது. மூன்றாவது நடுவரால் ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் சச்சின். அப்போது கேள்வி எளிமையானது: மட்டை கோட்டைத் தாண்டியதா இல்லையா. வீரர்களே தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் முறை 2008ல் இலங்கையில் இந்தியா ஆடிய டெஸ்ட் தொடரில் சோதிக்கப்பட்டது. அதில் இலங்கைக்கு 11 ரிவ்யூக்கள் பலித்தன, இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. இரு அணிகளுக்கும் ஒரே கேமராதான், ஒரே நடுவர்கள்தான். எப்போது கேட்பது, யாரைக் கலந்து கேட்பது என்ற கைப்பழக்கத்தில்தான் அவ்வளவு வித்தியாசம். அந்தக் கசப்பும் சேர்ந்து இந்தியா பல ஆண்டுகள் இருதரப்புத் தொடர்களில் டிஆர்எஸ் வேண்டாம் என்றது. 2016 நவம்பரில் ராஜ்கோட்டில் இங்கிலாந்துடன் ஆடியபோதுதான் மனம் மாறியது. இடையில் 2011 உலகக் கோப்பை மொஹாலி அரையிறுதியில் 23 ரன்னில் இருந்த சச்சினுக்கு அஜ்மல் பந்தில் கொடுத்த எல்பிடபிள்யூவை இதே டிஆர்எஸ்தான் மாற்றியது. அவர் 85 அடித்தார், இந்தியா 29 ரன்னில் வென்றது.

இப்போதைய நடைமுறை இதுதான். தீர்ப்பு வந்த 15 விநாடிக்குள் கேட்க வேண்டும். ஒரு இன்னிங்ஸுக்கு டெஸ்டில் 3 தவறான ரிவ்யூ வரை அனுமதி, ஒருநாள் மற்றும் டி20யில் 2. கோவிட் காலத்தில் உள்ளூர் நடுவர்களை வைத்து ஆட வேண்டி வந்ததால் 2020ல் கூட்டிய எண்ணிக்கை இது, அப்படியே நிலைத்துவிட்டது. எல்பிடபிள்யூ என்றால் மூன்றாவது நடுவர் முதலில் நோபால் பார்ப்பார், பிறகு மட்டையில் பட்டதா, பிறகு பந்து எங்கே குத்தியது, பேடில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா என்று வரிசையாகப் போவார். இந்த வரிசை முக்கியம். மட்டையில் பட்டிருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தாலும் கதை அத்தோடு முடிந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கடைசிப் படத்துக்கே காத்திருப்பதால், மூன்று சிவப்பு விளக்கு (குத்திய இடம், பட்ட இடம், ஸ்டம்ப் மூன்றுமே அவுட் பக்கம் என்று பொருள்) எரிவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

அதிகப் புகார் வருவது அம்பயர்ஸ் கால் மீது, அதாவது கணிப்பு இழுபறியாக இருந்தால் களத்து நடுவர் சொன்னதையே நிறுத்திவைக்கும் விதி மீது. "பந்து ஸ்டம்பில் படுவதைப் படமே காட்டுகிறது, பிறகென்ன நாட் அவுட்?" நியாயமான கேள்வி போலத் தோன்றும். பேடில் பட்ட நொடி வரை திரையில் தெரிவது நடந்தது. அதற்குப் பிறகு தெரிவது கணிப்பு. மைதானத்தைச் சுற்றி நிற்கும் ஆறோ அதற்கு மேலோ கேமராக்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்து இருந்த இடத்தை முப்பரிமாணத்தில் குறிக்கின்றன. குத்தி எழும்பிய பிறகு பந்து வந்த வழியை வைத்து, மிச்ச வழியைக் கணினி நீட்டுகிறது. குத்திய இடத்துக்கும் பேடுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால் நீட்டுவதற்குப் போதுமான புள்ளிகள் கிடைக்கும். காலடியில் குத்தி உடனே பேடில் பட்டால் கையில் சில புள்ளிகள்தான் இருக்கும். எவ்வளவு திரும்பியது, எவ்வளவு எழும்பியது என்பதையெல்லாம் அந்தச் சிலவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். மட்டையாளர் இறங்கி வந்து காலை நீட்டியிருந்தால் ஸ்டம்ப் இன்னும் இரண்டு, இரண்டரை மீட்டர் பின்னால் இருக்கும். பேடருகே அரை சென்டிமீட்டராக இருந்த பிசகு அங்கே போய்ச் சேரும்போது பல மடங்கு ஆகிவிடும்.

அந்தப் பிசகுக்கு இடம் விடத்தான் அம்பயர்ஸ் கால். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 7.2 செ.மீ. அதில் பாதிக்கு மேல் ஸ்டம்ப் பகுதிக்குள் வந்தால்தான் நாட் அவுட் தீர்ப்பு மாறும். அதற்குக் குறைவாக உரசினால் களத்து நடுவர் சொன்னதே நிற்கும். இந்தக் கோடு காலப்போக்கில் பந்துவீச்சாளர் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2016 அக்டோபர் வரை ஓரத்து ஸ்டம்பின் நடுக்கோடுதான் எல்லை, பிறகு வெளி விளிம்பு ஆனது. 2021ல் உயரத்தின் எல்லையும் ஸ்டம்ப் உச்சி வரை ஏறியது. 2017 அக்டோபரிலிருந்து அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ பறிபோவதில்லை, அதுவும் சரியான திருத்தம். அம்பயர்ஸ் காலை எடுத்துவிட்டு "உரசினாலும் அவுட்" என்று வைத்தால் டெஸ்ட் ஆட்டங்கள் சுழலுக்கு உகந்த ஆடுகளங்களில் மூன்று நாள் கூடத் தாங்காது. அதைவிட முக்கியமாக, கணிப்பை உண்மை என்று நம்பவைக்கும் பொய்யாகிவிடும். டிஆர்எஸ்ஸின் உறுப்புகளில் அதிகம் திட்டு வாங்குவதும் அதிக நேர்மையோடு இருப்பதும் இதுவே.

பந்து எங்கே குத்தியது என்பதில் மட்டும் அம்பயர்ஸ் கால் கிடையாது, கவனித்திருப்பீர்கள். குத்தியது நடந்துமுடிந்த நிகழ்ச்சி, அதைக் கணிக்கத் தேவையில்லை.

உண்மையான பலவீனம் ஒலியில் இருக்கிறது. ஸ்டம்ப் மைக்கில் விழும் சத்தம் திரையில் ஸ்பைக்காக எழுகிறது. ஆனால் மைக்குக்கு மட்டை எது, பேடு எது, தரை எது, கையுறைப் பட்டை எது என்று தெரியாது. படத்தையும் ஒலியையும் நேரத்தில் துல்லியமாகப் பொருத்தினால்தான் அந்த ஸ்பைக்குக்குப் பொருள். விநாடிக்கு 50 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரே ஒரு ஃபிரேம் பிசகினால் 20 மில்லி விநாடி. 140 கி.மீ. வேகப் பந்து அதற்குள் முக்கால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்து மட்டையைத் தாண்டிய பிறகு ஸ்பைக் எழுகிறதா, தாண்டும்போதா என்ற கேள்விக்கே இது விடையை மாற்றிவிடும்.

ஆஸ்திரேலியாவில் நடந்த மூன்று தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2024 நவம்பர், பெர்த். 26 ரன்னில் இருந்த கே.எல். ராகுலுக்குக் களத்து நடுவர் நாட் அவுட் சொன்னார். ஸ்னிக்கோவில் (ஸ்டம்ப் மைக்கின் ஒலியைக் கோடாகக் காட்டும் கருவி) ஸ்பைக் இருந்தது. ஆனால் பந்து மட்டையைக் கடக்கும் அதே நேரத்தில் மட்டை பேடிலும் இடித்தது. முன்னாலிருந்து எடுத்த கோணத்தை மூன்றாவது நடுவர் கேட்டார், கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து அவுட் கொடுத்தார். தீர்ப்பை மாற்றத் தெளிவான ஆதாரம் வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால் அது நாட் அவுட்டாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த மாதமே மெல்போர்னில் நேர்மாறாக நடந்தது. 84 ரன்னில் ஜெய்ஸ்வால் புல் ஆட முயன்றார். பந்து கையுறையருகே திசை மாறுவது ரீப்ளேயில் தெரிந்தது, ஸ்னிக்கோவில் கோடு அசையவே இல்லை. மூன்றாவது நடுவர் கண்ணை நம்பி நாட் அவுட்டை அவுட்டாக மாற்றினார். இந்தியாவில் எவ்வளவோ கொந்தளிப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு சரி. மெல்லிய உரசல்களில் சத்தமே எழாமல் போவதுண்டு. பந்து பாதை மாறுவதைப் படம் தெளிவாகக் காட்டும்போது அமைதியான கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மூன்றாவதுதான் மோசமானது. 2025 டிசம்பர், அடிலெய்டு ஆஷஸ் டெஸ்ட். 72 ரன்னில் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் கேரி கீப்பர் கேட்ச்சிலிருந்து தப்பினார். ஸ்பைக் பெரிதாகவே இருந்தது, ஆனால் பந்து மட்டையை எட்டுவதற்குச் சில ஃபிரேம்கள் முன்னதாகவே எழுந்தது. ஒலியும் படமும் பொருந்தாததால் மூன்றாவது நடுவர் நாட் அவுட்டை மாற்றவில்லை. கேரி 106 அடித்தார், தானும் பந்தைத் தொட்டதாகவே நினைத்ததாக அன்றைய ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். இயக்கியவர் தவறான ஸ்டம்ப் மைக்கின் ஒலியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று ஸ்னிக்கோவை நடத்தும் நிறுவனம் பொறுப்பேற்றது, இங்கிலாந்துக்கு ரிவ்யூவும் திருப்பித் தரப்பட்டது. விக்கெட்டைத் திருப்பித் தர முடியாது. கருவியில் பழுதில்லை. ஒரு மனிதர் நெருக்கடியில் ஒரு பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கிறார், அதை அப்போது யாரும் பிடிக்கவில்லை. திரையில் எந்த மைக் என்று ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தாலே மூன்றாவது நடுவர் கேள்வி கேட்டிருப்பார்.

தரையோடு எடுக்கும் கேட்சுகளில் நிலைமை இன்னும் தேறவில்லை. தூரத்திலிருந்து ஜூம் செய்த படம் ஆழத்தைத் தட்டையாக்கிவிடும். விரல்கள் பந்துக்கடியில் இருந்தாலும் புல் பட்டதுபோலத் தெரியும். அதனால் முன்பு களத்து நடுவர் சாஃப்ட் சிக்னல் கொடுத்தார், அதாவது மூன்றாவது நடுவரைக் கேட்கும்போதே அவுட்டா இல்லையா என்று தன் கருத்தைச் சொன்னார். 2021 மார்ச்சில் ஆமதாபாத் டி20யில் சூர்யகுமார் யாதவ் டேவிட் மலான் பிடித்த கேட்சில் 57க்கு வெளியேறியது அப்படித்தான். 60 மீட்டர் தள்ளி நடப்பதை நடுவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று கேட்டார்கள். 2023 ஜூனில் சாஃப்ட் சிக்னலையே நீக்கினார்கள். அதே மாதம் உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில் சுப்மன் கில்லை கேமரூன் கிரீன் பிடித்த கேட்ச் வந்தது, அதே சண்டை மறுபடியும். முப்பரிமாணப் படம் வராத வரை இந்தச் சண்டை தீராது.

அணிகளுக்கு நடைமுறையில் உதவும் சில விஷயங்கள். எட்ஜுக்குக் கீப்பரைக் கேளுங்கள், உயரத்துக்கு ஸ்லிப்பையும் மட்டையாளருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயரில் நிற்பவரையும் கேளுங்கள். பந்துவீச்சாளரைக் கடைசியாகக் கேளுங்கள். பந்தை விட்டபின் அவர் உடல் ஒரு பக்கம் சாய்ந்து போவதால் அவருக்கு எல்லாமே ஸ்டம்புக்கு நேராகத்தான் தெரியும். எல்பிடபிள்யூவில் மட்டையாளருக்கு மறுமுனையில் நிற்பவர்தான் துணை, முதலில் கேட்க வேண்டியது பந்து எங்கே குத்தியது என்பதை. டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் பார்ப்பது விதிப்படி தவறு. 2017 பெங்களூரு டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் பார்த்துச் சர்ச்சையில் மாட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசைக்காகக் கேட்காதீர்கள். 2019 ஹெடிங்லியில் ஜேக் லீச் காலில் பட்ட, லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவைச் செலவழித்தது. அடுத்த ஓவரில், இங்கிலாந்துக்கு வெற்றிக்கு 2 ரன் இருக்கையில், லயன் பந்து ஸ்டோக்ஸ் பேடில் பட்டது. நடுவர் நாட் அவுட் என்றார். பால் டிராக்கிங்கில் மூன்றும் சிவப்பு, கேட்க ரிவ்யூ இல்லை. ஸ்டோக்ஸ் 135 நாட் அவுட், ஒரு விக்கெட்டில் வெற்றி.

ரிவ்யூ எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தப் பிரச்சினை தீருமா? தீராது. வாய்ப்பு அதிகமானால் ஆசைக்குக் கேட்பதும் அதிகமாகும், ஆட்டம் இழுக்கும்.

கால்பந்தில் வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆரோடு ஒப்பிட்டால் கிரிக்கெட் ஒரு விஷயத்தில் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. மூன்றாவது நடுவர் என்ன கேட்கிறார், என்ன பார்க்கிறார், ஏன் அப்படி முடிவெடுக்கிறார் என்பது நேரலையிலேயே காதில் விழுகிறது. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோல் ஆஃப்சைட் என்று போனது. களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தவறாக நினைத்துக்கொண்ட விஏஆர் நடுவர் "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார். அந்த உரையாடல் அப்போதே வெளியே கேட்டிருந்தால் யாராவது ஒருவர் பிடித்திருப்பார்.

கடைசியாகப் பணம். சர்வதேசத் தொடர்களில் டிஆர்எஸ் கருவிகளுக்கான செலவு பெரும்பாலும் அந்தந்த நாட்டு ஒளிபரப்பாளர் தலையில்தான் விழுகிறது. அதனால் உரசலைக் கண்டுபிடிக்க ஓரிடத்தில் அல்ட்ரா எட்ஜ், இன்னோரிடத்தில் ஸ்னிக்கோ, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. 2022 கேப்டவுன் டெஸ்டில் அஸ்வின் பந்தில் தென்னாப்பிரிக்காவின் எல்கருக்குக் கொடுத்த எல்பிடபிள்யூ, பந்து ஸ்டம்புக்கு மேலே போகிறது என்று மாற்றப்பட்டபோது, இந்திய வீரர்கள் ஸ்டம்ப் மைக்கில் கேட்கும்படி குறைகூறியது உள்ளூர் ஒளிபரப்பாளரைத்தான். சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பணம் கட்டுபவர் ஒரு தரப்பின் வீட்டுக்காரராக இருக்கும்வரை சந்தேகம் கிளம்பத்தான் செய்யும். 2018 மார்ச்சில் ஹராரேயில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டிஆர்எஸ் கிடையாது. ஸ்காட்லாந்தின் ரிச்சி பெரிங்டனுக்கு லெக் பக்கம் போவதுபோலத் தெரிந்த பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டது. மழை வந்து ஆட்டம் நின்றது, டக்வொர்த் லூயிஸ் முறையில் 5 ரன்னில் தோல்வி, உலகக் கோப்பை இடம் போயிற்று. பணக்கார ஐபிஎல்லிலேயே 2022ல் வான்கடே மின்தடையால் சென்னையின் டெவோன் கான்வே இரண்டாவது பந்தில் கொடுத்த எல்பிடபிள்யூவை எதிர்த்துக் கேட்க முடியாமல் நடந்தார்.

வழி இல்லாமல் இல்லை. ஐபிஎல் 2024ல் ஸ்மார்ட் ரீப்ளே முறை வந்தது. பந்தின் பாதையைக் கணிக்கும் ஹாக் ஐ கருவியை இயக்குபவர்கள் இருவர் மூன்றாவது நடுவரின் அறையிலேயே உட்கார்ந்தார்கள். எட்டு கேமராக்களின் படமும் நேரடியாக அவருக்கு வந்தது, தொலைக்காட்சி இயக்குநரிடம் கோணம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பெர்த்தில் கிடைக்காத அந்த முன்கோணம் இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கேட்ட நொடியில் திரையில் பக்கத்துப் பக்கமாக வந்திருக்கும். ஐசிசி தன் செலவில் இதே அமைப்பை எல்லா டெஸ்டுக்கும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளுக்கும் கொண்டுவர வேண்டும். ஒலியைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைக்க வேண்டும். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் ஸ்டம்பைத் தட்டி, படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் விழுகின்றனவா என்று நான்காவது நடுவர் முன்னிலையில் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.