எலும்பு வடிவ சிலிகான் மோல்டு: நாய் பிஸ்கட்டுக்கு ஆகுமா?

வீட்டிலேயே நாய் பிஸ்கட் செய்யலாம் என்று தோன்றியதும் பலர் முதலில் வாங்குவது மாவோ ஈரலோ அல்ல, எலும்பும் பாதமும் பதிந்த சிலிகான் மோல்டு. விலை குறைவு, படத்தில் அழகு, ஒட்டாது, கழுவ எளிது. இத்தனையும் உண்மைதான். ஆனால் மொறுமொறுவென்று, டப்பாவில் போட்டு இரண்டு மூன்று வாரம் வைத்துக் கொடுக்கக்கூடிய பிஸ்கட் வேண்டுமென்றால் இந்த மோல்டு அதற்குச் சரிவராது. ஃப்ரீசர் வேலைக்கு நன்றாக உதவும். அடுப்புக்கு வேறு பொருள் பார்க்க வேண்டும்.

முதல் குறை குழியின் அளவு. சந்தையில் அதிகம் கிடைக்கும் பாத வடிவ மோல்டில் ஒரு குழி ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழம். வாங்கியதும் ஐந்து மில்லி ஸ்பூனால் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். ஆறு ஸ்பூன் பிடித்தால் 30 மில்லி. பொடித்த ஓட்ஸ் 100 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 150 கிராம், ஒரு முட்டை, வேர்க்கடலை வெண்ணெய் 30 கிராம், தண்ணீர் 50 மில்லி என்று கலந்தால் அந்தக் குழியில் விழும் ஒரு துண்டு ஏறக்குறைய 55 கலோரி.

இது அதிகமா? கணக்கு இப்படி. நாயின் எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலையில் அதற்கு வேண்டிய கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி வரும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது வரம்பு, அதாவது 63. மோல்டில் எடுத்த ஒரே ஒரு பாதத்தோடு அன்றைய பங்கு முடிந்தது. ஐந்து கிலோ ஸ்பிட்ஸுக்கு வரம்பு 37 கலோரிதான், அதற்கு முக்கால் துண்டுகூட இல்லை. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொன்று நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லாப்ரடாருக்குப் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் லாப்ரடார்களின் இடுப்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது குறைதான் பெரிது: ஈரம். சிலிகான் சூட்டை மெதுவாகவே கடத்தும். குழியின் அடியும் பக்கமும் மூடியிருப்பதால் நீராவி மேல்பக்கம் ஒன்றின் வழியாகத்தான் வெளியேற முடியும். 170 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் மேலே பொன்னிறம், அடியில் வெளுப்பு, நடுவில் இட்லி போல ஈரம். பிறகு கவிழ்த்தெடுத்துக் கம்பித் தட்டில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினாலும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தின் நடுப்பகுதி முழுதாகக் காய்வதில்லை. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரக் காற்றில் அதை வெளியே வைத்தால் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். மோல்டில் வேகவைத்ததை அன்றே ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்க்க வேண்டும், அல்லது ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

அதே மாவை எவர்சில்வர் கட்டரால் வெட்டினால் கதையே மாறிவிடுகிறது. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அளவில் எலும்பு வடிவக் கட்டர் தனியாகக் கிடைக்கிறது. தகரத்தில் வருவதைத் தவிருங்கள், இரண்டு முறை கழுவினால் ஓரத்தில் துரு ஏறும். பிளாஸ்டிக் கட்டர் கெட்டி மாவில் நெளியும். எலும்பு வடிவம் நம் கண்ணுக்குத்தான். நாய்க்கு அதில் அக்கறை இல்லை. அது வேண்டாமென்றால் கட்டரும் தேவையில்லை: தீபாவளிக்கு மைதா பிஸ்கட் போடுவது போல மாவை விரித்து, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் ஒரு துண்டு மாவுகூட வீணாகாது. எலும்பு வடிவத்தில் வெட்டினால் மிஞ்சும் மாவைத் திரும்பத் திரும்பப் பிசைந்து தேய்க்க வேண்டும். மூன்றாம் சுற்றில் கோதுமை மாவு இறுகி, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

கட்டருக்கு ஏற்ற அளவு இது. கோதுமை மாவு 200 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், வேகவைத்துத் தண்ணீர் வடித்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, வெல்லம், நெய் எதுவும் வேண்டாம். பேக்கிங் பவுடரும் வேண்டாம். மாவு உப்பி எழுந்தால் கனம் கூடும், கனம் கூடினால் காயாது. சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அதற்கு மேல் போகாதீர்கள். கேழ்வரகில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கிடையாது. பங்கை 100 கிராமுக்கு மேல் ஏற்றினால் தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கும், வெந்தபின் டப்பாவில் பாதி தூளாகக் கிடக்கும்.

கனம் அரை சென்டிமீட்டர். இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் கனமுள்ள மரக்கட்டை வைத்து அதன்மேல் பூரிக்கட்டையை உருட்டினால் எல்லா இடமும் ஒரே கனமாக வரும். கனம் ஏறுமாறாக இருந்தால் மெல்லிய ஓரம் கருகும்போது நடு இன்னும் வெந்திருக்காது. ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் இரண்டு குத்து. அது நீராவி போக வழி. குத்தாவிட்டால் பூரி போல எழும்பும்.

ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 160 டிகிரியில் 30 நிமிடம். பிறகு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, சூட்டை 100 டிகிரிக்கு இறக்கி, கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கதவு முழுதாக மூடியிருந்தால் வெளியேறும் ஈரம் உள்ளேயே சுற்றும். அணைத்தபின் உள்ளேயே ஆற விடுங்கள். ஓடிஜியின் திருகில் 160 என்று இருப்பதை நம்ப வேண்டாம். இருபது டிகிரி முன்னே பின்னே ஓடுவது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்குவது மோல்டு வாங்குவதைவிட நல்ல செலவு. கன்வெக்ஷன் வசதியுள்ள மைக்ரோவேவும் போதும். வெறும் மைக்ரோவேவில் முயன்றால் வெளியே ரப்பராகவும் நடுவே கருகலாகவும் வரும். குக்கரில் மணல் அல்லது உப்புப் போட்டு கேக் செய்கிறவர்கள் பிஸ்கட்டையும் வேகவைத்துவிடலாம், ஆனால் மூடிய பாத்திரத்தில் உலர்த்த முடியாது.

காய்ந்ததா என்று அறிய நம்பகமான வழி தராசு. மேலே சொன்ன அளவில் பச்சை மாவு சுமார் 400 கிராம். சரியாக உலர்ந்ததும் 260 கிராம் பக்கம் வர வேண்டும். 290-ல் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி 100 டிகிரிக்கு அனுப்புங்கள். தராசு இல்லையென்றால் ஆறிய பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள். டக்கென்று உடைந்து, உடைந்த முகம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் கருத்த வளையம் தெரிந்தால் ஈரம். சூடாக இருக்கும்போது உடைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அப்போது எதுவும் வளையத்தான் செய்யும்.

இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் நூறு துண்டு தேறும். ஒன்று இரண்டரை கிராம், ஒன்பது கலோரி. அதே 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஆறேழு துண்டு கொடுக்கலாம். மோல்டில் ஒன்றோடு முடிந்த இடத்தில் இங்கே ஆறு முறை கை நீட்டலாம்; நாய் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, அளவை அல்ல. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாதியை ஃப்ரீசரில் வைத்துவிடுவது நல்லது. நமத்துப் போனால் 100 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுப்பு வரும். வாடை மாறியதையும் பூஞ்சை கண்டதையும் சூடுபடுத்திக் காப்பாற்ற முயலக்கூடாது.

சிலிகானிலேயே உருப்படியாக அடுப்புக்கு உதவுவது இன்னொன்று உண்டு: ஒரு சென்டிமீட்டர் அரைக்கோளக் குழிகள் நூற்றுக்கணக்கில் உள்ள பாய். பழக்கும்போது கொடுக்கும் சின்னத் துண்டுக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை. குழி சின்னது என்பதால் மேலே சொன்ன ஈரப் பிரச்சினை வெகுவாகக் குறைகிறது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி 200 கிராம், முட்டை இரண்டு, அரிசி மாவு 60 கிராம் மூன்றையும் மிக்ஸியில் அடித்து, தோசை மாவு பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். பாயில் ஊற்றி, தட்டையான கரண்டியால் வழித்து வழித்து மேடுகள் தெரியும்வரை எடுங்கள். இந்த வழிப்பில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மேட்டின் மேல் மெல்லிய படலம் நின்றாலும் நூறு உருண்டைக்குப் பதில் ஒரே அப்பளமாகப் பெயர்ந்து வரும். 160 டிகிரியில் 20 நிமிடம், உதிர்த்துத் தட்டில் பரப்பி 100 டிகிரியில் 40 நிமிடம். ஒன்று ஒரு கலோரிகூட இல்லை. இறைச்சி அதிகம் என்பதால் எவ்வளவு காய்ந்தாலும் ஃப்ரிட்ஜில்தான் இடம், ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம். கோழிக்குப் பதில் ஈரல் போட்டால் நாய் ஆசை ஆசையாகத் தின்னும், ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். வாரம் முழுக்க ஈரல் உருண்டை என்று பழக்காதீர்கள். பாய் வாங்கும்போது குழியின் வட்டம் ஒரு சென்டிமீட்டர்தானா என்று பாருங்கள். அரை சென்டிமீட்டர் குழியில் பெயர்த்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எந்த அச்சானாலும் உள்ளே போகும் பொருளில் சில எச்சரிக்கை. வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) அல்லது இ967 என்று இருந்தால் தொடவே கூடாது. ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை மளமளவென இறங்கும், கூடினால் கல்லீரல் கெடும். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட எதுவும் இந்தச் சந்தேகத்துக்கு உரியதே. வீட்டில் கடலை அரைப்பவர்கள் சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை வாடை அடிக்கும் கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அதில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைத் தாங்க நாயின் கல்லீரலால் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பச்சையோ வெந்ததோ பொடியோ, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால் கறிக்குழம்பில் வெந்த துண்டைக் கழுவி அரைக்கும் சிக்கனம் வேண்டாம். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்பது 2021-ல் கால்நடை நஞ்சியல் துறையில் வைக்கப்பட்ட கருத்து. அதே அமிலம் புளியில் ஏராளம் என்பதால் புளி பட்ட எதுவும் நாய்க்கு வேண்டாம். சாக்லேட், ஜாதிக்காய், ஈஸ்ட் போட்ட பச்சை மாவு ஆகியவையும் அப்படியே. கணைய அழற்சி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் மேலே உள்ள அளவுகளையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மோல்டை வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அது நன்றாக உழைக்கும். கோழி எலும்பை உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து, ஆறியபின் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றைக் குழியில் பாதியளவு ஊற்றி ஐந்து மணி நேரம் உறைய விட்டால் போதும். 30 மில்லி குழியானாலும் சாற்றில் கலோரி மிகக் குறைவு. சாற்றோடு பாதிக்குப் பாதி பரங்கிக்காய் மசியல் சேர்த்தால் கல் போல இறுகாமல் இருக்கும். சர்க்கரை சேர்க்காத தயிரும் நன்றாக உறையும், வயிறு ஒப்புக்கொள்ளும் நாய்களுக்கு மட்டும். வாயில் வாங்கியதும் முழுங்கிவிடும் நாய்க்கு முழுத் துண்டைக் கொடுக்காதீர்கள். உடைத்துத் தட்டில் போட்டு நக்க விடுங்கள், தொண்டையில் சிக்கும் அளவு அது.

மோல்டை ஓவனிலோ ஃப்ரீசரிலோ வைக்கும்போது அடியில் கெட்டித் தட்டு இருக்கட்டும். அது தொளதொளவென்று வளையும் பொருள், பாதி வழியில் மடங்கி எல்லாம் கொட்டும். ஓவனில் எரியும் கம்பியில் படவும் கூடாது. ஈரல், மீன் வைத்த சிலிகானில் கொழுப்பின் வாடை ஏறி நிற்கும், சோப்பு மட்டும் போதாது. வெந்நீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்துக் கழுவி, காலியாக 150 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி போகும். பெரும்பகுதிதான். பிள்ளைகளுக்குக் கேக் செய்ய வேறு மோல்டு வாங்கிக்கொள்ளுங்கள்.