முதல் வேலை: கொழும்பு இன்டர்ன்ஷிப்பா, திருகோணமலையில் இருந்தே ஃப்ரீலான்ஸா?

ஐ.டி. டிப்ளோமா முடித்த தம்பிமார் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்பது இதைத்தான். நான் இரண்டையும் செய்தவன். 2018இல் வீட்டில் இருந்தே ஃப்ரீலான்ஸ் செய்தேன், அடுத்த ஆண்டு இரவு ரயில் ஏறிக் கொழும்புக்கு இன்டர்னாகப் போனேன். என் மனம் கொழும்புப் பக்கம்தான்.

பணத்தைப் பார்த்தால் ஊர்தான் வெல்லும். இன்டர்னுக்குக் கிடைக்கும் தொகை வெள்ளவத்தை போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்குமே சரி. வீட்டில் அம்மாவின் சோறு, டொலரில் வருமானம். ஆனால் ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 100 டொலர் வேலைக்கு 80தான் மிஞ்சும். அப்போது இலங்கையில் பேபாலில் பணம் பெற முடியாது, எல்லாம் பயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டு வருமானத்துக்கும் 15 சதவீதம் வரை வரி உண்டு. ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால், தொடங்குகிறவருக்கு அது பெரிய கவலை இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: நாம் எழுதும் நிரலை இன்னொருவர் வாசிக்கிறாரா?

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். ஓகஸ்ட், நல்ல சீசன். ஜெர்மன்காரர் பதிந்தது சரியாக வந்தது, நான் சோதித்ததும் சரி. மெல்பேர்னில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் 12ஆம் திகதிக்குப் பதிந்தது மட்டும் விடுதியில் 11 என்று விழுந்தது. முதல் நாள் அறை சும்மா கிடந்தது. அவர்கள் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு அதே அறை வேறு ஆட்களுக்குக் கொடுபட்டிருந்தது. விடுதிக்கார அண்ணன் பொறுமையானவர், எப்படியோ சமாளித்தார். நான் இரவிரவாக இருந்து, ஆஸ்திரேலியப் பதிவு என்றால் ஒரு நாள் கூட்டு என்று ஒரு வரி எழுதினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

கொழும்பில் விடுமுறை விண்ணப்பப் பக்கம் ஒன்றிலும் அதே வரியைப் போட்டேன். நிரலில் சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய மாற்றம், அதாவது புல் ரிக்வெஸ்ட், திரும்பி வந்தது. அணியில் மூத்தவர், கண்டிக்காரர், என் மேசைக்கு வந்து, “மல்லி (தம்பி), உன் பிறந்தநாளுக்கு மணி நேரம் இருக்கிறதா?” என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. நான் திகதியைத் திகதியாக வைக்காமல், அந்த நாளின் நள்ளிரவு நேரமாக மாற்றிச் சேமித்திருந்தேன். மெல்பேர்னில் 12ஆம் திகதி நள்ளிரவு என்பது நமக்கு 11ஆம் திகதி மாலை ஏழரை. ஜெர்மனியின் நள்ளிரவு கோடையில் நமக்கு அதிகாலை மூன்றரை, அதனால் திகதி மாறவில்லை. சிங்கப்பூர்க்காரர் யாராவது பதிந்திருந்தால் மறுபடியும் பிழை வந்திருக்கும். திகதியை வெறும் ஆண்டு, மாதம், நாளாக வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அன்றிரவே விடுதிப் பக்கத்தையும் திருத்தினேன்.

அந்த ஆறு மாதத்தில் இப்படித் திரும்பி வந்தவை ஏராளம். வீட்டில் இருந்திருந்தால் ஒன்றும் திரும்பி வந்திருக்காது. வாடிக்கையாளர் திரையைத்தான் பார்ப்பார், உள்ளே பார்க்க மாட்டார். இப்போது ஏஐயிடம் கேட்கலாமே என்கிறார்கள். கேட்கலாம்தான். ஆனால் நான் சோதித்தவரை எல்லாம் சரியாக இருந்தது, எனக்குக் கேட்கவே தோன்றியிருக்காது.

கொழும்பில் சிரமமும் உண்டு. அலுவலகப் பேச்சு பாதி சிங்களத்தில் நடக்கும். முதல் மாதம் மதியச் சாப்பாட்டு மேசையில் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். கம்பனி வேலையை ஊரில் இருந்து முழுநேரமாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. தனியே போர்டிங்கில் தங்கும் தங்கைமாரின் நிலையையும் என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் அங்கே இருந்த அக்காமாரிடம் கேட்பது நல்லது.

ஊரை விட்டு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சுகமில்லை, கடையைப் பார்க்க ஆளில்லை. அவர்களுக்கு நான் சொல்வது: ஃப்ரீலான்ஸ் செய்யுங்கள், கூடவே, நிரலை எவரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சேருங்கள். கொழும்பில் உள்ள டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிரலே கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கிறது. சின்னத் திருத்தம் ஒன்றை அனுப்பினாலும், அதைச் சேர்ப்பதற்கு முன் யாரோ ஒருவர் வாசித்தாக வேண்டும்.